சேறும் சக்கரமும்

ஆரணி என்ற பெயரைக் கேட்டதும் பட்டுச் சேலையை நினைப்போர் பலர். அரிசி ஆலைகளை நினைப்போர் சிலர். சேற்றை நினைப்போர் அநேகமாக எவருமிலர். ஆயினும் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரின் பெயரைத் தாங்கிய இரண்டு போர்களிலும், 1751இலும் 1782இலும், சேற்றுக்கும் மணலுக்கும் ஒரு பங்கு இருந்தது. பீரங்கிகள் எவ்வளவு தொலைவு சுடும் என்பது ஒருபுறமிருக்க, அவை நின்ற இடத்தை விட்டு நகருமா என்பதே அங்கே பெரிய கேள்வியாயிற்று.

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜீப்பும் பிக்கப் வண்டியும் வாங்குகிற இளைஞர்கள் அவற்றைத் தூக்கி நிறுத்துவதை அண்மை ஆண்டுகளில் அடிக்கடி காண்கிறோம். ஸ்பிரிங்கை மாற்றி உடலை உயர்த்துகிறார்கள், பெரிய டயர் போடுகிறார்கள், பிறகு வண்டி மேடு ஏறத் திணறுகிறது என்று கியரைப் பற்றி விசாரிக்கிறார்கள். எவ்வளவு உயர்த்துவது, எந்த அளவு டயர், எத்தனை பல் கியர் என்ற இம்மூன்று கேள்விகளையும் அமெரிக்காவிலிருந்து வந்த புதுமோகம் என்று ஒதுக்கிவிடலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பீரங்கி இழுத்தவனும் நெல்மூட்டை ஏற்றியவனும் இதே கேள்விகளுக்குத்தான் விடை தேடினார்கள். அவர்களிடம் ஸ்பானர் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

முதல் போரை எடுத்துக்கொள்வோம். ஆர்க்காட்டு முற்றுகை 1751 நவம்பரில் முடிந்தது. கோட்டைக்குள்ளிருந்து தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ் வெளியே வந்து, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் துரத்தத் தொடங்கினார். ராஜா சாகிபுக்குப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் துணைப்படை வந்து சேர்ந்தது. கிளைவின் பக்கம் மராட்டியக் குதிரைப்படை நின்றது. இரு படைகளும் டிசம்பர் 3 அன்று ஆரணிக்கு அருகே சந்தித்தன. கிளைவ் தேர்ந்துகொண்ட இடத்தைக் கவனிக்க வேண்டும்: ஒருபுறம் பனந்தோப்பு, மறுபுறம் ஒரு சிற்றூர், எதிரே நீர் நிறைந்த நெல் வயல்கள். அவ்வயல்களுக்கு ஊடே ஊரை நோக்கி ஒரு மேட்டுப்பாதை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னர் தொண்டைநாட்டு வயல் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலாட்கள் எப்படியோ வரப்பில் நடந்துவிடலாம். பீரங்கிச் சக்கரம் இறங்கினால் இறங்கியதுதான். ஆகவே பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு அந்த ஒற்றைப் பாதையை விட்டால் வழியில்லை. வரிசையாக வந்த அவை கிளைவின் பீரங்கிகளுக்கு நேர் இலக்காயின. பக்கவாட்டில் விரிந்து நிற்க இடமில்லாத பீரங்கி பீரங்கியே அன்று. சாலையில் நின்றுபோன பாரவண்டி.

பள்ளிப் பாடங்களில் நாம் படித்தது கிளைவின் துணிச்சலைத்தான். துணிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் போரை விரிவாக எழுதிய 18ஆம் நூற்றாண்டு ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் வயலையும் பாதையையும் மறக்காமல் குறித்திருக்கிறார். அவரைச் சுருக்கி எழுதிய பின்னாளையவர்களே சேற்றைத் துடைத்து வீரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது போர் 1782 ஜூன் 2 அன்று நடந்தது. இம்முறை ஒரு பக்கம் ஹைதர் அலி, மறுபக்கம் ஜெனரல் அயர் கூட். ஆரணியில் ஹைதர் சேர்த்து வைத்திருந்த படைக்கலக் கிடங்கின் மீது கூட்டுக்குக் கண். முந்தைய ஆண்டில் பரங்கிப்பேட்டை, பொள்ளிலூர், சோளிங்கர் என்று மூன்று இடங்களில் ஹைதரைச் சந்தித்திருந்தும் அவரால் எதிரியைத் தொடர்ந்து சென்று முடித்துவிட இயலவில்லை. காரணம், அவர் கடிதங்களில் ஓயாமல் முறையிடுவது போல, இழுவை மாடுகள் போதாமையும் உணவுத் தட்டுப்பாடும். பெரிய முற்றுகைப் பீரங்கி ஒன்றை இழுக்க நாற்பது மாடுகள் வரை பூட்ட வேண்டியிருந்த காலம் அது. தீனி இல்லாமல் மெலிந்த நாட்டு மாடுகளைக் கொண்டு வெற்றியைத் தொடர்வது எவ்வாறு?

ஹைதரின் பக்கமோ மைசூர் மாடுகள் இருந்தன. உடையார் மன்னர்கள் காலத்தில் தொடங்கி, திப்பு காலத்தில் அமிர்த மகால் என்று பெயர் பெற்ற அந்த மந்தையின் வேகம் அந்நாளில் புகழ்பெற்றது. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தார் என்று சொல்வதுண்டு. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி, மைசூரைப் பிடித்த பிறகு அந்த மாடுகளைக் கைவிடாமல் தம் படைக்கே பயன்படுத்திக்கொண்டதும், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை அமைந்ததும் தற்செயல் அல்ல. இன்றைய மொழியில் சொன்னால், ஹைதரிடம் நல்ல எஞ்சின் இருந்தது.

ஆனால் ஆரணியில் அந்த நல்ல எஞ்சினும் உதவவில்லை. படை பின்வாங்கும் வேளையில் ஹைதரின் பீரங்கி ஒன்றும் வெடிமருந்து வண்டிகள் சிலவும் ஆற்றுப் படுகையில் சிக்கிக்கொண்டு ஆங்கிலேயர் கையில் அகப்பட்டன. கிடங்கோ தப்பியது, கூட் அடைய நினைத்ததை அடையவில்லை. ஒரு பக்கம் வலுவான மாடுகள் இருந்தும் மணலில் புதைந்த சக்கரம். மறுபக்கம் எதிரி ஓடியும் துரத்த மாடில்லாத படை. இழுக்கும் வலுவும் சக்கரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் என்ன நேரும் என்பதை ஒரே நாளில் இரு பக்கத்திலிருந்தும் காட்டிய போர் இதுவென்று நினைக்கிறோம்.

போரை விட்டு வண்டிக்கு வருவோம். பீரங்கி வண்டியின் சக்கரத்தை ஆங்கிலேயர் ஐந்தடி விட்டத்துக்கு அமைத்தனர். நம் பாரவண்டிச் சக்கரமும் ஏறத்தாழ அதே உயரந்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததன்று. மண் இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது. சிறிய சக்கரம் குழியில் இறங்கினால் குழியின் விளிம்பு அதற்குச் சுவர். பெரிய சக்கரத்துக்கு அதே விளிம்பு ஒரு சரிவு. இதைக் கணக்கில் வடிக்க 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இருவர் முயன்றனர். சக்கரத்தின் விட்டம் இரட்டித்தால் உருளும் தடை பாதியாகும் என்றார் ஆர்தர் மொரேன். இல்லை, விட்டத்தின் வர்க்க மூலத்துக்கே தலைகீழ் விகிதம், ஆகவே பத்தில் மூன்று பங்கு அளவே குறையும் என்றார் ஜூல் துப்புயி. இருவரும் நெடுநாள் வாதிட்டனர். யார் சொன்னது சரி என்பது மண்ணின் தன்மையைப் பொறுத்தது. சக்கரம் பெரிதாகும்போது இழுப்பது எளிதாகும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

இதற்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வண்டியை உற்றுக் கவனித்தவர்கள் நம் புலவர்கள். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி உறுப்பு உறுப்பாக விவரிக்கப்படுகிறது. தச்சன் ஒருவன் அருகிலிருந்து சொல்லிக்கொடுத்தானோ என்று ஐயுறும் அளவுக்கு. அந்த இளந்திரையனே பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு (185). வண்டியை ஓட்டத் தெரிந்தவன் ஓட்டினால் இனிது செல்லும், தெரியாதவன் ஓட்டினால் சேற்றில் சிக்கிவிடும் என்று அரசாட்சிக்கு உவமை சொல்கிறான். தொண்டைநாட்டு அரசனுக்கு உவமை தேடுகையில் சேறு முதலில் நினைவுக்கு வந்தது நமக்கு வியப்பளிக்கவில்லை. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டு (102) இன்னும் நுட்பமானது. மாடுகள் இளையவை, பாரமோ பெரிது, வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாரறிவார் என்று உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வார்கள். இழுவை, சுமை, வழி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் எண்ணிப் பார்க்கிறார் ஔவை. வள்ளுவரும் இடனறிதல் அதிகாரத்தில், பெரிய தேர் கடலில் ஓடாது என்று சொல்லும்போது சக்கரத்தின் வலிமையைக் குறிப்பிட்டே சொல்கிறார். வலிய சக்கரமானாலும் இடம் மாறினால் பயனில்லை.

மரச்சக்கரத்தின் உறுப்புகளுக்கு நம் தச்சர்கள் வழங்கும் சொற்கள் அழகானவை. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை. குடத்துக்குள் செல்லும் இரும்பு இருசு; சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி. பட்டையைப் பழுக்கக் காய்ச்சி வட்டையின்மேல் ஏற்றி, உடனே நீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ஐந்தடிச் சக்கரத்தில் இருசு தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். இன்றைய சாதாரண லாரியின் பின் ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி சுமார் 25 சென்டிமீட்டர். ஓர் அடிகூட இல்லை. தரையிடை உயரம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பந்தயம் கட்டினால் மாட்டுவண்டியே வெல்லும்.

ஆனால் அந்தச் சக்கரத்துக்கு ஒரு குறை இருந்தது. உயரம் உண்டு, அகலம் இல்லை. இரண்டு விரற்கடை அகல இரும்புப் பட்டையின் மீது மொத்தப் பாரமும் நிற்பதால் அது சாலையைக் கத்திபோல் அறுத்தது. இங்கிலாந்தில் இதே தொல்லைக்காக 1753இல் ஒரு சட்டமே இயற்றி, ஒன்பது அங்குல அகலச் சக்கரம் பூட்டிய பாரவண்டிகளுக்குச் சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். அகலச் சக்கரம் சாலைக்கு நல்லது, இழுக்கும் குதிரைக்கோ சுமை. சாலை அரசாங்கத்துடையது, குதிரை வண்டிக்காரனுடையது. யார் செலவில் யாருக்கு நன்மை என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

காற்றடைத்த ரப்பர் டயர் இந்த வழக்கைப் பாதி தீர்த்தது. டன்லப் 1888இல் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த பொருள் எவ்வளவு தொலைவு வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை. நம் ஊர்களில் அது மாட்டுவண்டிக்கும் வந்தது. டயர் வண்டி என்று பெயர் பெற்றது. பழைய சக்கரத்தில் பாதி உயரமே உள்ள டயர் வண்டி எப்படி அதைவிட எளிதாக உருண்டது? ரப்பர் அமுங்கி மண்ணின்மேல் விரிகிறது, ஆகவே புதைவது குறைகிறது. உள்ளே பால் பேரிங் இருப்பதால் உராய்வும் குறைகிறது. உயரத்தில் இழந்ததை அகலத்தில் ஈடு செய்தது என்று சொல்லலாம். ஆனால் அது விலை கூடிய வண்டி. பஞ்சரானால் ஊர்த் தச்சன் ஒட்ட முடியாது. ஆழச் சேற்றில் தாழ்ந்த அச்சு தட்டியது. எனவே தார்ச்சாலையில் மண்டிக்குச் செல்ல டயர் வண்டியும், அறுவடைக் காலத்தில் வயலுக்குள் இறங்க மரச்சக்கர வண்டியும் நெடுங்காலம் அருகருகே இருந்தன. 1970களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராயிருந்த என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தபோது, நாட்டில் ஒன்றரைக் கோடி வண்டிகள் ஓடின என்பது வழக்கமாகச் சொல்லப்பட்ட கணக்கு. அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு.

ஆரணிக்கு ரயில் வந்த கதையையும் இங்கே ஒருவரியில் சொல்லிவிடலாம். விழுப்புரம் காட்பாடி மீட்டர் கேஜ் பாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. ஆனால் ஆரணி ரோடு என்ற நிலையம் பெயருக்கேற்பச் சாலையில்தான் இருந்தது, ஊரில் இல்லை. பட்டுக்கு அதனால் பெரிய இடர் இல்லை. ஒரு மூட்டைப் பட்டின் விலை எவ்வளவானாலும் எடை சொற்பம். அரிசி அப்படியன்று. அது வண்டியை எதிர்பார்த்தது, பிறகு லாரியை.

இந்தியச் சாலைகளில் லாரி பெருகியதற்கு இரண்டாம் உலகப்போர் ஒரு முக்கியக் காரணம். போர் முடிந்ததும் ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. டிஸ்போசல் லாரி என்ற சொல் அப்போது தமிழில் நுழைந்தது. இந்த ராணுவ வண்டிகள் பலவற்றில் ஒரு விந்தை இருந்தது: பின்பக்கமும் இரட்டை டயருக்குப் பதிலாக ஒற்றைப் பெரிய டயர். முன்சக்கரம் மணலில் அழுத்திய தடத்திலேயே பின்சக்கரமும் செல்ல வேண்டும் என்பது நோக்கம். இரட்டை டயரானால் உள்ளே ஒன்று பழைய தடத்தில் ஓட, மற்றொன்று புதிய தடம் வெட்ட வேண்டும். அது எஞ்சினுக்கு வீண்செலவு. சாலையில் பாரம் ஏற்ற இரட்டை நல்லது, மணலில் ஒற்றை நல்லது. எல்லாவற்றுக்கும் நல்லதான டயர் என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அதே போரில் எகிப்துப் பாலைவனத்தில் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கில அதிகாரி 1940இல் தொடங்கிய தொலைதூர ரோந்துப்படை நினைவுகூரத் தக்கது. அவர்கள் பெரிதும் ஓட்டியது நான்கு சக்கர இழுவை உள்ள ராட்சத வண்டிகளை அல்ல; பின்சக்கரம் மட்டும் இழுக்கும் செவர்லே லாரிகளை. மணல்மேட்டுக்கு வந்ததும் டயரின் காற்றைக் குறைத்தார்கள், சிக்கினால் இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் அடியில் செருகினார்கள். மணலின் இயல்பை ஆராய்ந்து 1941இல் தனி நூலே வெளியிட்டவர் பாக்னால்டு. மண்ணைப் படித்தவருக்கு வண்டியை அவ்வளவாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. நம் இளைஞர்கள் லட்சக்கணக்கில் செலவழிக்குமுன் காற்றைக் குறைத்துப் பார்த்திருப்பார்களா என்று சில வேளை கேட்கத் தோன்றுகிறது. மணலைத் தாண்டியதும் மறக்காமல் நிரப்ப வேண்டும் என்பது தனி.

இனி கியர். இதற்கு ஜீப்பைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் ஆக்ஸிலில் பினியனுக்கு 8 பல், கிரவுன் வீலுக்கு 39 பல், விகிதம் 4.88. போர் முடியும் தறுவாயில், 1945இல், அதே வண்டியை உழவர்களுக்கு விற்க முனைந்தபோது வில்லிஸ் நிறுவனம் கிரவுன் வீலில் நான்கு பல் கூட்டியது. 8க்கு 43, விகிதம் 5.38. டயர் அளவு மாறவில்லை. ஏர் இழுக்க வேண்டிய வண்டிக்கு வேகம் குறைந்தாலும் பிடி கூட வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பத்து விழுக்காடு இழுவை கூடியது, உச்சவேகம் அதே அளவு குறைந்தது. இந்த வழிவந்த ஜீப்புகளையே 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் பம்பாயில் பூட்டி விற்றது. நாடெங்கும் மலைப்பாதைகளில் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து ஏறிய பழைய ஜீப்புகளின் பொறுமைக்கு அந்த நான்கு பல்லும் ஒரு காரணம்.

இப்போது தலைகீழாக யோசிப்போம். கியரை விட்டுவிட்டு டயரை மட்டும் பெரிதாக்கினால்? 30 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போடுகிறோம் என்று கொள்வோம். சக்கரம் ஒருமுறை சுற்றினால் முன்பைவிடப் பத்து விழுக்காடு கூடுதல் தொலைவு செல்லும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதே அளவுக்குத் தரையில் கிடைக்கும் பிடி குறைந்துவிட்டது. பிரேக்கின் பிடியும் குறைந்துவிட்டது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடும். பழைய விகிதம் 3.73 என்றால், இழந்ததை மீட்க 4.10 வேண்டும். பல் கணக்கில் 11க்கு 41 இருந்தது 10க்கு 41 ஆக வேண்டும். பினியனில் ஒரே ஒரு பல். அந்த ஒரு பல்லுக்காக ஆக்ஸிலைப் பிரித்து, நான்கு சக்கர இழுவையானால் முன்னும் பின்னும் இரண்டையும் பிரித்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பெட்டியை உடைத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஆக்ஸில் எவ்வளவு உயர்ந்தது? டயரில் கூடிய மூன்று அங்குலத்தில் பாதி, ஒன்றரை அங்குலம். அவ்வளவே. பலர் எண்ணிக்கொள்வது போல லிஃப்ட் கிட் இதைக் கூட்டுவதில்லை. கமான் பட்டையின் அடியில் கட்டை வைத்தாலும், உயரமான ஸ்பிரிங் போட்டாலும் உயர்வது சேசிஸும் உடலும். ஆக்ஸில் சக்கரத்தின் நடுவில் இருந்த இடத்திலேயே இருக்கும். பெரிய டயர் உடலில் உரசாமல் இடம் பண்ணித் தருவதே லிஃப்டின் உண்மைப் பணி. ஆக்ஸிலையே உயர்த்த ஜெர்மானியர் வேறொரு வழி கண்டார்கள். 1940களின் பிற்பாதியில் உழவு வேலைக்கென உருவான யூனிமோக் வண்டியில் ஆக்ஸில் சக்கரத்தின் நடுவுக்கு மேலே செல்லும்; அங்கிருந்து ஒரு சிறு கியர்ப்பெட்டி வழியாகச் சக்கரத்துக்கு விசை இறங்கும். உயரமும் கிடைத்தது, அந்தச் சிறு பெட்டியிலேயே விகிதமும் கிடைத்தது. விலையும் அதற்கேற்ப.

ஆரணியில் இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. தறியிலும் அச்சு உண்டு. பாவு நூல்கள் அதன் கண்களின் ஊடே செல்கின்றன. ஒரு பாவு முடிந்து மறு பாவு தொடங்குகையில் இழைக்கு இழை அச்சுப் பிணைக்கிறார்கள். நெருக்கமான வேறு அச்சுக்கு மாற வேண்டுமென்றால் பாவில் இழை எண்ணிக்கை மாற வேண்டும், ஊடையின் பருமன் மாற வேண்டும். தறியின்மேல் ஜக்கார்டு ஏற்ற வேண்டுமென்றால் கூரையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று எந்த நெசவாளியும் தறியில் உட்காருவதில்லை. வண்டியின் அச்சுக்கும் தறியின் அச்சுக்கும் ஒரே சொல் அமைந்தது எப்படி என்று சொல்லாராய்ச்சியாளர் சொல்லட்டும். நமக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது.

லாரிக்காரர்களின் நிலை இளைஞர்களுடையதினும் கடினமானது. அவர்கள் உயர்த்துவது அழகுக்காக அன்று, பாரத்துக்காக. கமான் பட்டையில் கூடுதலாக இரண்டு இலை செருகினால் வண்டி அமுங்காது. 900 டயருக்குப் பதில் 1000 போட்டால் தாங்கும். 9.00-20 டயரின் விட்டம் ஏறத்தாழ 102 சென்டிமீட்டர், 10.00-20 டயருடையது 105க்குச் சற்று மேல். உயரத்தில் கிடைப்பது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. தாங்கும் வலுவில் கிடைப்பதே லாபம். ஆனால் பட்டை தாங்குவதை இருசு தாங்க வேண்டும், இருசு தாங்குவதைச் சாலை தாங்க வேண்டும். இரண்டு ஆக்ஸில் லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 2018 ஜூலையில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. நான்கு டயர் உள்ள பின் ஆக்ஸிலுக்கு 10.2 என்பது 11.5 ஆயிற்று. எடை பதின்மூன்று விழுக்காடு கூடியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓடவிட்டுச் செய்த சாலைச் சோதனையில், சாலைக்கு நேரும் சேதம் ஆக்ஸில் எடையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று கண்டார்கள். அக்கணக்கின்படி பதின்மூன்று விழுக்காட்டுப் பாரத்துக்கு அறுபது விழுக்காட்டுச் சேதம். 1753இல் இங்கிலாந்தில் நடந்த வழக்கு இது. கட்சிக்காரர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

உயர்த்துவதில் இன்னொரு கணக்கும் உண்டு, உயிரோடு தொடர்புடையது. வண்டி கவிழாமல் நிற்பது, சக்கரங்களுக்கிடையிலான அகலத்தின் பாதியை எடைமையத்தின் உயரத்தால் வகுத்த ஈவைப் பொறுத்தது. அகலம் 140 சென்டிமீட்டர், எடைமையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்றால் ஈவு 1. பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் 0.875. எட்டில் ஒரு பங்கு பாதுகாப்பு போயிற்று. ஆற்று மணலில் மெல்ல ஊர்கிறவனுக்கு இது பொருட்டன்று. மலை வளைவில் குடும்பத்தோடு இறங்குகிறவனுக்குப் பொருட்டு. உயர்த்திய வண்டியில் ஜாயிண்ட் ஷாஃப்ட் சாய்வாக நின்று அதன் கிராஸ் தேய்வதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதனை உறுதி செய்தது. பலருக்கு இத்தீர்ப்பில் வருத்தம். எல்லா மாற்றமும் ஆபத்தானது என்று நாமும் கருதவில்லை; ஜவ்வாது மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவனுக்கும் நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவனுக்கும் ஒரே வண்டி பொருந்தாது என்பது உமணர் காலத்திலேயே தெரிந்த செய்தி. ஆனால் உமணர் தாமே பூட்டி, தாமே ஓட்டி, கவிழ்ந்தால் தம் உப்பையே இழந்தார்கள். இன்று எதிரே வருகிறவரும் இருக்கிறார். மலைப்பாதைக்கு வண்டி தேடுகிறவர், கிடைக்கிற வண்டிகளில் தாழ்ந்த கியர் உள்ளதை முதலில் கேட்டு வாங்கலாம். தயாரிப்பாளரே அனுமதித்த பெரிய டயர் அளவு எதுவென்று அடுத்துப் பார்க்கலாம். காற்றழுத்தமானி ஒன்றும் காற்றடிக்கும் சிறு பம்ப்பும் உடன் வைத்துக்கொள்ளச் சட்டம் எதுவும் தடையில்லை.